காரணம் வேண்டாம், கணக்குச் சொல்லுங்கள்

"குழுவின் நலன் கருதிச் சிலர் நீக்கப்பட்டுள்ளனர். இதுகுறித்து இங்கே யாரும் விவாதிக்க வேண்டாம்." நான் இருக்கும் ஒரு மாடித்தோட்டக் குழுவில், விதைப் பகிர்வு அறிவிப்புக்கும் யாரோ போட்டிருந்த பூசணிப் பிஞ்சுப் படத்துக்கும் நடுவே இந்த இரண்டு வரிகள் வந்து விழுந்தன. டெலிகிராமில் இயங்கும் பெரிய குழு அது. நீக்கப்பட்டவர்கள் யார், நீக்கியது யார், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று ஒன்றுமே இல்லை. மாலைக்குள் ஒரு பெயர் மட்டும் பலருக்கும் பிடிபட்டுவிட்டது. கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி என்று யார் படம் போட்டாலும் முதல் ஆளாக வந்து பதில் சொல்லும் ஓர் அம்மா அந்தக் குழுவில் இருந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும் என்று, அதே பதிலை ஒவ்வொரு புதியவருக்கும் சலிக்காமல் எழுதுவார். அவரைக் காணவில்லை.

பிறகு நடந்தது இதுபோன்ற எல்லா இடங்களிலும் நடப்பதுதான். அவர் ரகசியமாக விதை விற்றார் என்றார் ஒருவர். போட்டிக்குழு தொடங்கினார் என்றார் இன்னொருவர். அவருக்கு உடல்நிலை சரியில்லை, தாமாகவே விலகிவிட்டார் என்றார் மூன்றாமவர். இளைஞர் ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "அண்ணா, அந்த அம்மா தாமாக விலகினார்களா, நீங்கள் நீக்கினீர்களா? அதை மட்டும் சொன்னால் போதும்." சில நிமிடங்களில் அந்தக் கேள்வி அழிக்கப்பட்டது. கேட்டவரும் அதன்பின் குழுவில் தென்படவில்லை.

அந்த அம்மா தவறு செய்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. செய்திருக்கலாம். நீக்கியது முற்றிலும் நியாயமாகவும் இருந்திருக்கலாம். என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அதுவல்ல. அந்த இளைஞர் கேட்டது மிகச் சிறிய விஷயம். நீக்கத்துக்கான காரணத்தைக்கூட அவர் கேட்கவில்லை. அந்தச் சிறிய விஷயத்தைச் சொல்ல மறுத்தபோது குழுவில் எஞ்சியிருந்த எங்கள் எல்லோரிடமிருந்தும் ஏதோ ஒன்று பறிக்கப்பட்டதாகத் தோன்றியது. அது என்ன என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்

இணையக் குழுவை விட்டு ஒருவர் காணாமல் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. அவராகவே போகலாம், அவரை அனுப்பிவிடலாம், இறந்துபோகலாம். எஞ்சியிருப்பவர்கள் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். பதில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் எழுதுவதில்லை, அவ்வளவுதான். நேரில் பழகும் ஊரில் இந்தக் குழப்பம் வராது. வீடு காலியானதும் சாவுமேளம் கேட்டதும் பஞ்சாயத்து கூடியதும் நாலு பேருக்குத் தெரிந்துதான் நடக்கும்.

தாமாக விலகுபவரின் மௌனத்தை நான் மதிக்கிறேன். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் நிறுவனம், குழுவிலிருந்து ஓசையில்லாமல் வெளியேறும் வசதியைக் கொண்டுவருவதாக அறிவித்தது. அதுவரை ஒருவர் விலகினால் எல்லோர் திரையிலும் அறிவிப்பு வரும். சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து விலகியவர்கள் அடுத்த கல்யாண வீட்டில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது நிர்வாகிகளுக்கு மட்டும்தான் தகவல் போகும். கடந்த 60 நாட்களில் குழுவை விட்டுப் போனவர்கள் யார் என்பதை மட்டும், தேடிப் பார்க்கும் உறுப்பினர்கள் கண்டுகொள்ளலாம். இது நல்ல ஏற்பாடு. போகிறவருக்குத் தன் போக்கை அறிவிக்கும் உரிமை இருப்பதைப் போலவே அறிவிக்காமல் இருக்கும் உரிமையும் உண்டு.

ஆனால் நிர்வாகியின் மௌனம் வேறு வகை. விலகுபவர் மறைப்பது தன் சொந்த முடிவை. நிர்வாகி மறைப்பதோ இன்னொருவர் மீது தான் செலுத்திய அதிகாரத்தை. டெலிகிராமில் 'அண்மைச் செயல்கள்' என்ற பதிவேடு உண்டு. எந்த நிர்வாகி எந்தச் செய்தியை அழித்தார், யாரைத் தடை செய்தார் என்பதெல்லாம் அதில் 48 மணி நேரம் இருக்கும். நிர்வாகிகள் மட்டுமே அதைப் பார்க்க முடியும். அதாவது கணக்கு எழுதப்படுகிறது. அதைக் காண வேண்டியவர்களுக்குக் காட்டப்படுவதில்லை. இரண்டு நாளில் அதுவும் மறைந்துவிடுகிறது.

இந்தியச் சட்டத்தின் கண்ணில் குழு நிர்வாகி யார் என்ற கேள்வியும் இங்கே பொருந்தும். உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்கு வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி பொறுப்பாவாரா என்ற வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இல் பொறுப்பாக மாட்டார் என்றது. 2022இல் கேரள உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது. பம்பாய்த் தீர்ப்பு சொன்ன காரணம் எளிமையானது. ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள அதிகாரத்தைத் தவிர, நிர்வாகியும் மற்ற உறுப்பினர்களும் அங்கே சமம். நிர்வாகிகளுக்கு நிம்மதி தந்த தீர்ப்பு இது, சரியான தீர்ப்பும்கூட. ஆனால் அதே வாதத்தை மறுபக்கமிருந்தும் படிக்கலாம் என்று நினைக்கிறேன். அவர்களிடம் இருப்பது ஒரே ஓர் அதிகாரம் என்றால், அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியதும் அந்த ஒன்றுக்குத்தானே?

2019 ஜூன், ஆங்கில விக்கிப்பீடியா

மாடித்தோட்டக் குழு விவகாரத்துக்குப் பிறகு நான் திரும்பிப் போய் ஊன்றிப் படித்தது 'ஃப்ராம்' விவகாரத்தை. விக்கிப்பீடியாவில் புழங்குபவர்கள் எல்லோரும் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். நடந்ததை வரிசைப்படுத்தி அறிந்தவர்கள் குறைவு. ஃப்ராம் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் நீண்டகால நிருவாகி ஒருவரின் பயனர்பெயர். நிருவாகி என்றால் பக்கங்களை நீக்கவும் பிறரைத் தடுக்கவும் உரிமை பெற்ற தன்னார்வலர். 2019 ஜூன் 10 அன்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் மட்டும் ஓராண்டுக்குத் தடை செய்தது. அவருடைய நிருவாக உரிமையும் போனது. ஆங்கில விக்கிப்பீடியாவினர் அதுவரை கண்டிருந்த, அறக்கட்டளை நேரடியாகத் தலையிட்டுப் போட்ட தடைகள் அதன் எல்லாத் தளங்களுக்கும், எல்லாக் காலத்துக்கும் பொருந்துபவை. குழந்தைகளுக்கு ஆபத்து, உயிர் மிரட்டல் போன்றவற்றுக்கான கடைசி ஆயுதம் அது. ஒரே தளத்தில், ஒரே ஆண்டுக்கு என்பது அங்கே புதிது. ஓராண்டு கழித்துத் திரும்பலாம் என்றால் அவர் பேராபத்து இல்லை என்றுதானே பொருள்? அப்படியானால் இதைப் பயனர்களின் சொந்த நடைமுறையே கையாண்டிருக்கலாமே என்று மக்கள் கேட்டார்கள். காரணம் கேட்டபோது, புகார் கொடுத்தவர்களின் பாதுகாப்புக் கருதி எதையும் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. முறையீட்டுக்கும் இடமில்லை.

அடுத்த நாளே நிருவாகி ஒருவர் துணிந்து அந்தத் தடையை நீக்கினார். அறக்கட்டளை மறுபடியும் தடை போட்டது. நீக்கியவரின் நிருவாக உரிமையையும் பறித்தது. இன்னொரு நிருவாகி மீண்டும் தடையை நீக்கினார். பொது உரையாடல் பக்கம் நாளுக்கு நாள் நீண்டது. அந்த மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட நிருவாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். யாரும் அவர்களை நீக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஊதியமில்லாமல் செய்துவந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். பொறுப்பைத் துறந்தவர்களிலும் எதிர்ப்புத் தெரிவித்தவர்களிலும் பலர் ஃப்ராமின் நண்பர்கள் அல்லர். அவர் சிடுசிடுப்பவர், பிறர் தவறுகளை விடாமல் துரத்துபவர், பேச்சில் கடுமை மிக்கவர் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சிலர் அவருக்குத் தடை கிடைக்க வேண்டியதுதான் என்றுகூட நினைத்தார்கள். ஆனாலும் எதிர்த்தார்கள். தண்டனை நியாயமா என்ற கேள்விக்கு முன்னால் அவர்கள் வேறொரு கேள்வியை வைத்தார்கள்: தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் தந்தது யார், அதை நீங்கள் சரியாகத்தான் பயன்படுத்தினீர்கள் என்று எங்களால் எப்படிச் சரிபார்க்க முடியும்? "எங்களை நம்புங்கள்" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டக் குழு இளைஞரின் கேள்வியில் இருந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. அவர் அந்த அம்மாவுக்காக வாதாட வரவில்லை. தனக்கும் அதே கதி வருமா, வந்தால் யாராவது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா என்பதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்தார். ஒருவரைச் சத்தமில்லாமல் நீக்கும்போது நிர்வாகி தண்டிப்பது அந்த ஒருவரை மட்டுமன்று. மீதி எல்லோருக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. கோடு தெரியாதவர்கள் வாயைத் திறக்கத் தயங்குவார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் கேள்விகள் குறைந்தன. பூப்படங்களும் காலை வணக்கங்களும் பெருகின.

மறைக்கத்தான் வேண்டியவை

இந்த இடத்தில் எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கு என்று முழங்கிவிட்டுப் போவது எளிது. ஃப்ராம் விவகாரத்தின் பிற்பாதி என்னை அப்படிச் செய்ய விடவில்லை. ஜூன் 30 அன்று, பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு அறக்கட்டளைக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. ஜூலைத் தொடக்கத்தில் அறக்கட்டளையின் அறங்காவலர்கள் இறங்கிவந்து, நடுவர் குழு இந்தத் தடையை மறுபரிசீலனை செய்யட்டும் என்றார்கள். அறக்கட்டளை சுமார் 70 பக்க ஆவணம் ஒன்றை, சில பகுதிகளை மறைத்து, நடுவர்களிடம் கொடுத்தது. அந்த ஆவணம் இன்றுவரை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை, வரவும் கூடாது. அதில் புகார் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. தடை செய்யும் அளவுக்குச் சான்று இல்லை என்று தடையை விலக்கினார்கள். நிருவாகியாக நீடிக்கும் அளவுக்கு அவருடைய நடத்தை இல்லை என்று அந்த உரிமையை மட்டும் திருப்பித் தரவில்லை. வேண்டுமானால் பயனர்களிடம் மறுபடியும் வாக்குக் கேட்கலாம் என்றார்கள். அவரும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

பாருங்கள், சான்றுகள் கடைசிவரை மூடியே இருந்தன. ஆனாலும் கொந்தளிப்பு அடங்கியது. அறக்கட்டளை அல்லாத இன்னொரு கை, தாங்கள் தேர்ந்தெடுத்த கை, அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டது என்பதே பெரும்பாலானோருக்குப் போதுமானதாக இருந்தது. மக்கள் கேட்டது ரகசியத்தை அன்று. ரகசியத்தைப் பார்த்தவர் யார், அவர் என்ன முடிவுக்கு வந்தார், அதை யாரிடம் முறையிடலாம் என்பதைத்தான் கேட்டார்கள்.

புகார் கொடுப்பவரைக் காக்க வேண்டும் என்பது சாக்குப்போக்கு இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2021 செப்டம்பரில் சீன மொழி விக்கிப்பீடியாவில் ஏழு பேரை அறக்கட்டளை தடை செய்தது. பன்னிரண்டு பேரின் நிருவாக உரிமைகளைப் பறித்தது. அங்கே பிரச்சினை சிடுசிடுப்பு அன்று; ஊடுருவல், சில பயனர்களுக்கு உடல்ரீதியாகவே ஆபத்து நேரலாம் என்ற அச்சம். அப்படிப்பட்ட இடத்தில் யார் யார் மீது புகார் கொடுத்தார் என்று வெளியிடுவது கொடுமை. ஆனால் அந்த முறை அறக்கட்டளை வாயடைத்து நிற்கவில்லை. எத்தனை பேர், எந்த வகை நடவடிக்கை, எந்த வகை அச்சம் என்று பொதுவில் எழுதியது. 2019இல் அது கற்றுக்கொண்ட பாடத்துக்கு இதில் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதிக வெளிச்சமும் காயப்படுத்தும். விக்கிப்பீடியாவின் தடைப் பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது. யார், யாரை, எப்போது, எவ்வளவு காலத்துக்கு, என்ன காரணத்துக்காகத் தடுத்தார் என்பதெல்லாம் அதில் நிற்கும். நல்லதுதான். ஆனால் தவறுதலாகப் போட்டு, அடுத்த நிமிடமே நீக்கிய தடையும் அதில் அழியாமல் நிற்கும். பத்தாண்டுகள் கழித்தும் யாரோ ஒருவர் அதைத் தோண்டியெடுத்து, "நீ தடை வாங்கியவன்தானே" என்பார். அதனால்தான் நல்ல நிலையில் விலக நினைப்பவர்களுக்கு அங்கே இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டால், கணக்கின் பெயரை அடையாளம் தெரியாத ஒரு பெயராக மாற்றிவிடுவார்கள். அவர் எழுதியது அப்படியே இருக்கும், எழுதியவர் மறைந்துவிடுவார். தண்டனையிலிருந்து தப்பிப்பதற்கு அந்த வழி கிடையாது.

ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்கும்

விக்கிப்பீடியாவில் தடை செய்யப்பட்டவர் ஒரு பக்கத்தைத் திருத்தப் போனால் திரையில் தோன்றும் அறிவிப்பை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். தடுத்த நிருவாகியின் பயனர்பெயர் இருக்கும். காரணம் ஒரு வரியில் இருக்கும். எப்போது முடியும் என்ற நாள் இருக்கும். எப்படி முறையிடுவது என்பது இருக்கும். பெரும்பாலும், மற்றவர்கள் அவரோடு உரையாடும் அவருடைய பேச்சுப் பக்கம் மட்டும் அவருக்குத் திறந்தே இருக்கும், அங்கே எழுதி முறையிடலாம். தடை போட்ட நிருவாகியே அந்த முறையீட்டை முடித்துவைக்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் நிலைபெற்ற வழக்கம். காலவரையின்றித் தடை பெற்றவர்கள் விஷயத்திலும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆறு மாதம் வேறு பெயரில் புகுந்து தொல்லை தராமல் ஒதுங்கி இருந்து, பழையதைத் திரும்பச் செய்வதில்லை என்று உறுதி சொல்லிக் கேட்டால், மற்றவர்கள் அதைப் பரிசீலிப்பார்கள். மெட்டாஃபில்டர் என்ற பழைய அமெரிக்கத் தளம் இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய சண்டையைத் தூக்கிக்கொண்டு வராதவரை, புதிய பெயரில் புதிதாகத் தொடங்கலாம் என்று அனுமதித்தது. லாப்ஸ்டர்ஸ் என்ற தொழில்நுட்பத் தளம், நிர்வாகிகள் எதை நீக்கினார்கள், யாரைத் தடுத்தார்கள் என்ற மட்டுறுத்தல் பதிவேட்டையே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவைத்திருக்கிறது.

பெரிய நிறுவனங்களைச் சட்டம் இந்தத் திசையில் தள்ளத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பெரிய சமூக ஊடகங்கள் தாமாகவே ஒரு பதிவை நீக்கினால் பதிவிட்டவருக்குக் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும். மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். 2022இல் செய்த திருத்தத்தின்படி மேல்முறையீட்டுக் குழுக்களும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் காரண அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் இவை எல்லாம் நிறுவனத்துக்கும் பயனருக்கும் இடையிலானவை. நம்மில் பெரும்பாலோர் அன்றாடம் வாழும் இடங்கள் குடியிருப்போர் குழு, முன்னாள் மாணவர் குழு, தோட்டக் குழு. அங்கே நீக்குபவர் கலிபோர்னியாவில் இருக்கும் அதிகாரி அல்லர். மூன்றாவது மாடி அண்ணன். அவரைக் கேட்கச் சட்டமில்லை. சட்டம் வரவும் வேண்டாம் என்பேன்.

அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இன்னாரை இன்று நான் நீக்கினேன். குழுவின் இந்த விதியை ஒட்டி எடுத்த முடிவு. மூன்று மாதம் கழித்து அவர் மீண்டும் சேரலாம். புகார் பற்றிய விவரங்களைச் சொல்ல மாட்டேன். முடிவு தவறு என்று நினைப்பவர்கள் இன்னாரிடம் பேசலாம்." ஒருவர் தாமாக விலகி, அதைச் சொல்வதில் அவருக்குத் தடையில்லை என்றால், "அவராகவே விலகினார்" என்ற இரண்டு சொற்கள். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அதையும் சொல்லலாம்; அவரிடம் கேட்டுக் கற்றவர்கள் அஞ்சலியாகச் சில வரிகள் எழுதவாவது முடியும்.

ஆனால் ஒரே நிர்வாகி மட்டும் உள்ள குழுக்களில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. முறையிடவும் அவரிடமே போக வேண்டும். இதற்கு ஒரு வழி, நீக்கும் அதிகாரம் இல்லாத, குழுவில் மதிப்புள்ள உறுப்பினர் ஒருவரை முறையீட்டுக்கென்றே வைத்துக்கொள்வது. அவர் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ வேண்டியதில்லை. நீக்கப்பட்டவர் சொல்வதைத் தனிச்செய்தியில் கேட்க வேண்டும், நிர்வாகி வைத்திருக்கும் திரைப்பிடிப்புகளைப் பார்க்க வேண்டும், பிறகு "பார்த்தேன், முடிவு சரிதான்" என்றோ "திரும்பச் சேர்க்கலாம்" என்றோ குழுவில் ஒரு வரி எழுத வேண்டும். அவருடைய பெயரையும் எண்ணையும் குழுவின் விதிகளோடு சேர்த்து மேலே ஒட்டிவைத்துவிட்டால், புதிதாகச் சேர்பவர் முதல் நாளே அதைப் படித்துவிடுவார்.